மனைவியின் நேர்காணலில் நான் சொன்ன பதில்

என் மனைவி வேலை கேட்டுப் போன நேர்காணலில், முதல் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அதுவும் தப்பான பதில்.

மலையடிவாரத்தில் யாத்திரிகர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடினார்கள். பதினெட்டு வருஷமாக வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கழுத்து வலி கண்டவள், இந்த வேலையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றிருந்தாள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பேசும் தெலுங்கு அவளுக்குத் தாய்வீட்டுப் பேச்சு. ஆங்கிலம்தான் இடித்தது.

அதைச் சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தேன். அரக்கோணத்தில் கூரியர் ஆபீசில் வேலை எனக்கு. நாள் முழுக்க ஆங்கில முகவரி படிப்பதால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் கெடுக்கவில்லை. உண்மையில் எனக்குத் தெரிந்தது நியர், ஆப்போசிட், பிஹைண்ட்.

அவள் நோட்டில் ஒரு வார்த்தை எழுதிக் கீழே அரைப் பக்கம் காலியாக விடுவாள்.

"இன்னா இது, பேப்பர வீணாக்கிகினு?"

"இதே வார்த்த நாளைக்கு வேற அர்த்தத்துல வந்து நிக்கும். அப்போ எழுத எடம் வேணாமா?"

"ஒரு வார்த்தைக்கு எத்தினி அர்த்தம் இருக்கும்?"

"மலைக்கு ஏறுறதும் படி. நம்ம பொண்ணப் பாத்துக் கத்துறதும் படி. இங்கிலீஷுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணா?" என்றாள். "சரி, இத சொல்லுங்க. ஃபைன்னா நல்லா இருக்கேன்னீங்க. டிக்கெட் இல்லாதவனுக்கும் ஃபைன் போடுறாங்களே, அவன் நல்லாவா இருப்பான்?"

"அது வேற ஸ்பெல்லிங்" என்றேன், கண்ணிமைக்காமல்.

அவள் போனில் பார்த்தாள். ஃபைனுக்குக் கீழே இருந்த காலி இடத்தில் 'அபராதம்' என்று எழுதிக்கொண்டாள்.

நேர்காணலுக்குத் துணையாகப் போன எனக்கும் மேனேஜர் ஒரு நாற்காலி காட்டினார். அது அவர் செய்த தப்பு. லாட்ஜில் தங்க வந்தவர்போல நடித்து, "ஐ நீட் எ சேஞ்ச்" என்றார்.

"சில்லறை எதிர்க்கடையில கிடைக்கும் சார்!" என்றேன்.

"அவங்களக் கேட்டேன்" என்றார் மேனேஜர்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "ரூம் மாத்தணுமா, பெட்ஷீட் மாத்தணுமா, சில்லறையான்னு அவரையே கேப்பேன் சார். கேட்டா தப்பில்லையே."

"சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார் மேனேஜர் என்னிடம்.

வெளியே, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை என்று யோசித்தேன். பார்சல் என்றால் ஒரே கதவு, தட்டினால் முடிந்தது. ஆள் சொல்லும் வார்த்தை அப்படி இல்லை. இத்தனை வருஷத்தில் இவள் "பரவால்ல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு முறையும் எனக்குச் சௌகரியமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சட்டையை மாட்டி ரயிலுக்கு ஓடியிருக்கிறேன். என்ன பரவாயில்லை என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"திங்கக்கிழமைலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

"நான் கூட இருந்தது உனக்கு ஒரு தைரியம், இல்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது பரவால்லங்க. வாய மூடத் தெரியல, அதான் கஷ்டம்."