பெயிண்டில் மட்டும் இருந்த பெயர்

எங்கள் குடும்பத்தில் கல்லறையைச் சுத்தமாக வைத்திருப்பவன் நான்தான் என்று எனக்குப் பெரிய பெருமை இருந்தது. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். அப்பாவும் அம்மாவும் ஒரே குழியில் இருக்கிறார்கள். புல்லைப் பிடுங்கி, தலைமாட்டுக் கல்லுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, பெயிண்டரை வைத்து இருவர் பெயரையும் கறுப்பில் எழுதிவிடுவேன். ஒரு வருடம் வீட்டு ஜன்னலுக்கு அடித்ததில் மிச்சமிருந்த நீலத்தைக்கூட அடித்தேன்.

போன வருடம் பிரான்சிலிருந்து அக்கா வந்தாள். அம்மாவை அடக்கம் செய்த வாரமே திரும்பிப் போனவள், எட்டு வருடம் கழித்து அப்போதுதான் வருகிறாள். கல்லைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னடா இது, சுண்ணாம்பு டப்பா மாதிரி கெடக்கு? அப்பாவுக்கு வச்சது நல்ல கருங்கல்லுடா. பெயிண்ட்டெல்லாம் எடுத்துடு."

"இவ்ளோதானே? நாளைக்கே எடுத்துடறேன்" என்றேன். அக்கா முன்னால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் வாய் நீளம்.

மறுநாள் காலையில் பெயிண்ட் ரிமூவரைத் தடவினேன். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை என்று கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நான் தகட்டால் சுரண்ட, அக்கா ஈரத்துணியால் துடைத்தாள். அப்பாவின் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. ஆழமாக வெட்டிய எழுத்துகள். அக்கா அவற்றில் விரலை ஓட்டிப் பார்த்து அழுதுவிட்டாள்.

"எவ்ளோ அழகா வெட்டியிருக்காங்க பாரு. அம்மா பேரும் இதே மாதிரிதானே இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அம்மாவின் பெயரை வெட்டவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். கல் வெட்டுகிறவர், கையில் நிறைய வேலை இருக்கிறது, திருநாள் முடிந்துதான் வர முடியும் என்றார். அதுவரை இருக்கட்டும் என்று அப்பா பெயருக்குக் கீழே பெயிண்டில் எழுத வைத்தேன். வெட்டியது போலவே எழுதியிருந்தான் அந்த பெயிண்டர். போட்டோ எடுத்து, "வெட்டியாச்சுக்கா" என்று அனுப்பினேன். அவள் அதை பிரேம் போட்டு அங்கே தன் வீட்டில் மாட்டியிருக்கிறாள். பிறகு மழை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. நல்ல காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான், ஆனால் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வருடா வருடம் மேலே மேலே எழுதியதில் எனக்கே மறந்துபோயிற்று.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வெயில் ஏறுதுக்கா, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

அக்கா என் கையிலிருந்த தகட்டை வாங்கித் தானே சுரண்டினாள். கறுப்பு எழுத்துகள் சுருண்டு வந்தன. அடியில் கல் வழவழவென்று இருந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அம்மா எங்கடா?"

சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் திட்டவில்லை. துணியை அலசிப் பிழிந்துவிட்டு, "இந்த வருஷம் பெயிண்ட்ல எதுவும் எழுதக் கூடாது" என்றாள், அவ்வளவுதான்.

திருநாளன்று செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். சுற்றிலும் தெரிந்த முகங்கள். பங்குக்குப் புதிதாக வந்திருந்த சாமியார் ஒவ்வொரு கல்லிலும் பெயரை வாசித்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல்லில் அப்பாவின் பெயரை வாசித்து, அவர் ஆன்மாவுக்காக மட்டும் செபித்துவிட்டு அடுத்த கல்லறைக்குத் திரும்பினார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, இன்னும் ஒருத்தங்க இருக்காங்க" என்றேன்.

அவர் திரும்பி வந்து, குனிந்து, கல்லில் பெயரைத் தேடினார்.

"எங்க அம்மா, சாமி. பேரு கல்லுல இல்ல. நான்தான் வெட்டாம விட்டுட்டேன்."