கப்பலேறும் கொசுறு

மலையூரான ரிங்லெட்டில் மழை தூறுகிறது. தேயிலைச் சரிவை ஒட்டிய கொட்டகையில் சரசு அக்கா இஞ்சித் தேயிலைப் பொட்டலங்களைப் பெட்டிகளில் அடுக்குகிறார். ஜப்பானுக்குப் போகும் சரக்கு. போன முறை, சந்தையில் விற்ற பழக்கத்தில், பெட்டிக்கு ஒரு பொட்டலம் கொசுறாக வைத்துவிட்டாராம். சரக்குப் பட்டியல் தாளில் இல்லாத பொட்டலங்களைக் கண்ட சுங்க அதிகாரிகள் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டார்கள்.

"அப்போ இந்தத் தடவை கொசுறு கிடையாதாக்கா?" தேயிலை வாங்க வந்த நான் கேட்கிறேன்.

"வாங்குறவங்களுக்குக் கொசுறு குடுக்காம எப்படிலா? எக்ஸ்போர்ட் கிளாஸ்ல கேட்டுட்டேன் தம்பி. இனாம்னு பேப்பர்ல எழுதிட்டா அதுவும் கப்பல் ஏறுமாம்."

லோரி வந்து நிற்கிறது. அக்கா பெட்டிகளை ஏற்ற ஓடுகிறார். அவரிடம் வாங்கிய இரண்டு பொட்டலங்கள் இருக்கும் என் பையைத் திறக்கிறேன். எந்தப் பேப்பரிலும் எழுதாத மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது.