பென்டிரைவில் கண்விழிக்கும் பெட்டி

வீட்டு சர்வர் வைத்துத் தருகிறேன் என்று சொன்னால், திருத்தணியில் பாதிப் பேர் அதைத் தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி என்று நினைத்து, "வருஷத்துக்கு எத்தனை தடவை ஃபில்டர் மாத்தணும்?" என்று கேட்கிறார்கள். இதே தொழிலில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க் மாட்டி வீட்டு மூலையில் வைப்போம். குடும்பத்தின் போட்டோ, பத்திரம், வேலை சம்பந்தப்பட்டது எல்லாம் அதில் சேரும். ஆனால் அந்தப் பெட்டியை எழுப்புகிற மென்பொருள் டிஸ்கில் இருக்காது. பின்னால் சொருகிய கட்டைவிரல் அளவுப் பென்டிரைவில் இருக்கும். எந்த டிஸ்க் எந்த வேலைக்கு என்ற பட்டியலும் அதில்தான்.

பென்டிரைவ் போனால் டிஸ்கில் உள்ளது போகாது, பெட்டி மட்டும் எழுந்திருக்காது. இதை எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். எனக்கே அது புரிந்திருந்ததா என்ற சந்தேகம் போன ஆடியிலிருந்து என்னை விடவில்லை. ஐம்பத்து நாலு வயதில் வரக்கூடாத சந்தேகம்.

சந்தனம்

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில்தான் முதல் பென்டிரைவ் செத்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் போன் வந்தது. போய்ப் பார்த்தால் சர்வர், மிக்ஸி, ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் சந்தனம், நடுவில் குங்குமம். பென்டிரைவையும் உருவி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி சொருகியிருந்தார்கள். சந்தனம் உள்ளே போய்க் காய்ந்துவிட்டது.

ஊசியால் சுரண்டிக்கொண்டே கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேன். கரண்ட் சாமானுக்கெல்லாம் பொட்டு எதற்கு, இது என்ன மாடா என்று கேட்டேன். அவர் மனைவி காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஸ்கூட்டருக்கும்தான் வெச்சோம். அது ஓடிகினுதானே இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை நகல்

அதன் பிறகு, நகல் இல்லாமல் ஒரு பென்டிரைவும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவோடு வைத்த முதல் பெட்டி முனிரத்தினம் வீட்டுப் பெட்டி. அவருக்கு இரண்டு விசைத்தறி. அவர் மனைவி கோமளா சேலை பார்டரையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் வரைகிறவர். எட்டு வருஷம் வரைந்தது முழுவதும் அந்தப் பெட்டிக்குப் போனது. அது போனால் தறி இருக்கும், நெய்ய ஒன்றும் இருக்காது. மூன்று டிஸ்க் மாட்டினேன். இரண்டில் டிசைன்கள். மூன்றாவது காவல் டிஸ்க். மற்றதில் ஒன்று கெட்டால் அதைத் திரும்பக் கட்டியெழுப்ப உதவும், தனியாகப் பார்த்தால் அதில் படிக்க ஒன்றும் இருக்காது என்று கோமளாவுக்கும் சொன்னேன்.

ஞாயிறுதோறும் பென்டிரைவ் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ளும்படியும் செய்தேன். நகல் எங்கே போகும்? அதே பெட்டியின் டிஸ்குக்குள். இடம் தாராளமாக இருந்தது. கோமளா மட்டும், "பெட்டியே எழுந்திருக்கலன்னா அந்த நகலை எப்டி சார் எடுப்பீங்க?" என்று கேட்டார். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை. அதற்குள் முனிரத்தினம் குறுக்கே வந்துவிட்டார்: "நீ சும்மா இரு. சார் படிச்சவரு, நமக்கு இன்னா தெரியும்?"

காவடிப் பாட்டு

ஆடிக் கிருத்திகை முடிந்து மூன்று வாரம் கழித்து, நீண்ட மின்வெட்டில் முனிரத்தினம் வீட்டு இன்வெர்ட்டரும் இறங்கிப்போய்ப் பெட்டி நின்றது. கரண்ட் வந்தும் எழுந்திருக்கவில்லை. பென்டிரைவை உருவி என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். முழுக்க முருகன் பாட்டு.

முனிரத்தினத்தின் அக்கா கணவரை அந்த வீட்டில் எல்லாரும் பாவா என்றுதான் சொல்வார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து காவடி எடுத்து வந்த கூட்டத்தின் வண்டிக்குப் பாட்டுப் போடும் பொறுப்பு அவருடையது. கண்ணில் பட்ட பென்டிரைவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பெட்டி ஒருமுறை எழுந்த பிறகு மென்பொருளை நினைவில் வைத்துக்கொண்டு ஓடும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அடியில் ஒன்றுமே இல்லாமல் மூன்று வாரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதைக் கேட்டதும் என்னைப் பற்றியே யாரோ சொல்வதுபோல் இருந்தது. பாவா மட்டும் கலங்கவில்லை: "எடுத்த எடத்துலயே பத்திரமா சொருகிட்டேன் சார். அதுவும் முருகன் பாட்டு. அதுல இன்னா தப்பு வரும்?"

மேல் டிஸ்க்

புதுப் பென்டிரைவில் மென்பொருள் ஏற்றி மாட்டினேன். பெட்டி எழுந்தது. எழுந்ததும், மூன்றில் எது காவல் டிஸ்க் என்று கேட்டது. பட்டியல் பழைய பென்டிரைவோடு போய்விட்டது. அதன் நகல், பாவா உருவும் வரை ஒரு ஞாயிறு தவறாமல் எடுத்தது, இதே டிஸ்குகளுக்குள் கிடந்தது. கோமளா என்னைப் பார்த்தார். பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காவல் என்று எதைச் சொல்கிறோமோ அதில் இருப்பதைப் பெட்டி அழித்துவிட்டு மேலே எழுதும். டிஸ்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக லேப்டாப்பில் மாட்டிப் படித்துப் பார்ப்பதுதான் முறை. அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு கல்யாணச் சேலையின் முந்தானை அன்று மாலையே தறிக்கு ஏற வேண்டும். முனிரத்தினம் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டு, "ஆச்சா சார்? ஆச்சா?" என்கிறார். அவர்கள் முன்னால் தடுமாற எனக்கு மனசில்லை. காவல் டிஸ்கை நான் எப்போதும் மேலேதான் மாட்டுவேன். எப்போதுமா? இந்த வீட்டிலுமா? மேல் டிஸ்கையே காவல் என்று குறித்தேன். இன்னும் ஒரு பட்டன்தான் பாக்கி.

கடைசியாக ஒயர்களைப் பார்க்க டார்ச் அடித்தேன். மேல் டிஸ்கின் ஓரத்தில் காய்ந்துபோன குங்குமப் பொட்டு. நடு டிஸ்கிலும் இருந்தது. அடி டிஸ்கில் இல்லை. இரண்டு ஒரு மாதிரி, ஒன்று மட்டும் வேறு மாதிரி என்று பட்டதும் கையை எடுத்துவிட்டேன். மூன்றையும் கழற்றி முறைப்படி பார்த்தேன். மேல் டிஸ்க் முழுவதும் கோமளாவின் டிசைன்கள். அடியில் இருந்ததில் படிக்க ஒன்றுமே இல்லை. அதன் பிறகு அரை மணி நேரத்தில் முந்தானை தறிக்குப் போய்விட்டது.

பொட்டு யார் வைத்தது என்று கேட்டேன். "நான்தான் சார். மாட்டறதுக்கு முன்னாடி மேசை மேல பரப்பி வெச்சிருந்தீங்களே, அப்போ. புதுச் சாமான் ஊட்டுக்கு வந்தா வெக்காம எப்டி?" என்றார் கோமளா. அடி டிஸ்குக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்: "அதுல ஒண்ணும் இருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? வெறும் டப்பாவுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

இப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுப் பென்டிரைவுக்கும் ஒரு நகலை என் அலமாரியில் வைத்திருக்கிறேன், அதன் மேலும் நம்பிக்கை போதாமல், காவல் டிஸ்கைத் தவிர மற்றவற்றுக்கு நானே ஒரு பொட்டும் வைத்துவிட்டு வருகிறேன்.