கிழக்கு எல்லைக்கு வேலி

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எப்போதும் நிற்கக்கூட நேரம் இல்லாத மனிதர். காரணம், அவர் சுமந்து வந்த பார்சல். பிரித்தால் உள்ளே ஒரு மலர். பெயர்தான் மலர், கை தவறினால் கால் விரல் போய்விடும்.

மாகாணத்துப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமையாக ஓர் அலுவலகம் இருக்கிறதே, அதன் வரலாற்றைச் சொல்லும் மலர். முதல் கட்டுரை, இருபத்திரண்டு பக்கம், அடியேன் எழுதியது.

அலுவலகத்தின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அங்கிருந்து கடிதம் வந்து யாருக்காவது நல்லது நடந்ததாக என் இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

புத்தகம் வந்தால் எழுத்தாளன் என்ன செய்வான்? அக்குளில் இடுக்கிக்கொண்டு, அட்டை வெளியே தெரியும்படி, கறிகாய் வாங்கக் கிளம்பினேன். கல்மண்டபம் பஸ் ஸ்டாப் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒருவர் பார்த்தார்.

ரோசம்மா டீச்சர்!

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போதுதான் இந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. “சுவையாக இருக்க வேண்டும்” என்றார்கள். அலுவலகத்திலேயே ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, மூன்று மணிக்குக் காப்பி. சுற்றிலும் பழைய காகிதக் கட்டுகள். சுவரில் வரிசையாக, அலுவலகத்தை ஆண்ட டைரக்டர்களின் படங்கள். முதலில் துரைமார்கள், மீசை காது வரை. போகப் போக மீசை குறைந்து, சுதந்திரம் வந்த சமயத்தில் அறவே மறைந்து நம்மவர்கள் வருகிறார்கள். பல்லக்கில் போய்ப் பள்ளிக்கூடம் பார்த்த காலம் உண்டு. பையன் தடங்கலில்லாமல் வாசித்தால்தான் பள்ளிக்கு மானியம் என்று ஒரு காலம் உண்டு. வாத்தியாரின் அடுப்பு பையனின் நாக்கில் எரிந்திருக்கிறது! இதையெல்லாம் ரசித்து ரசித்துக் குறிப்பெடுத்தேன்.

நான் அங்கே போய்வருவது எங்கள் ராயபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நானேதான் சொன்னேன், வேறு யார் சொல்வார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசம்மா டீச்சர் வந்தார். காசிமேட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கீற்றுக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடத்தி வந்தவர். எட்டாவது வரை உண்டு. அங்கீகாரம்தான் இல்லை. கூடவே அந்தோணி, கட்டுமரக்காரர். அவர் மகள் பிலோமினா அந்தப் பள்ளியில் எட்டாவது.

“மார்ச்சுல சர்க்கார் பரீட்சை, சார். ஒம்போது புள்ளைங்க” என்றார் டீச்சர். “அங்கீகாரம் வர்லன்னா குந்த உட மாட்டாங்க. பாஸ் பண்ணாங்கன்னா டீச்சர் ட்ரெயினிங்கு, நர்ஸு வேலைன்னு எதுக்காச்சும் மனு போடலாம். இல்லன்னா பையனுங்க ஹார்பர்ல கரி தூக்கப் பூடுவானுங்க. பொண்ணுங்களுக்குத் தீப்பெட்டி பேக்டரி.”

“என்ன குறை சொன்னார்கள்?” என்றேன்.

ஒரு காகிதத்தை நீட்டினார். பார்வையிட வந்த அதிகாரி எல்லாம் திருப்தி என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். விளையாட்டு மைதானத்தின் கிழக்கு எல்லைக்கு வேலி இல்லை.

கிழக்கு எல்லை... வங்காள விரிகுடா.

“வேலி இன்னாத்துக்கு நைனா?” என்றார் அந்தோணி. “கடலு எந்திரிச்சி வூட்டாண்ட வராம கீறதுக்கா? இல்ல, எங்க புள்ளைங்க எந்திரிச்சி பர்மாவுக்கு ஓடிப் பூடாம கீறதுக்கா? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு.”

“நீ சும்மா இரு அந்தோணி. சவுக்குக் கழி நட்டோம் சார். ரெண்டே நாள்ல அலை இட்டுகினு போச்சி. மறுபடி வந்து பாத்துட்டு, ‘வேலி நிலையாக இல்லை’ன்னு எழுதிட்டாரு. உங்களுக்கு அங்க நாற்காலி போட்டுக்கீறாங்களாமே... ஒரு வார்த்தை சொல்லுங்க, சார்.”

நாற்காலி என்றதும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. “ஒரு வார்த்தைதானே” என்றேன்.

மறுநாளே தேட ஆரம்பித்தேன். நாலு புறமும் வேலி என்ற விதி எங்கே பிறந்தது? ஒரு வாரத்தில் அகப்பட்டது. எத்தனையோ வருஷத்துக்கு முன், கடலையே பார்க்காத ஓர் உள்நாட்டு ஊரில், ஒரு துரை பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருக்கிறார். பிள்ளைகள் தேகப்பயிற்சி செய்து காட்டும்போது காளை ஒன்று மைதானத்தில் புகுந்து துரையைத் துரத்தியிருக்கிறது. துரை மரத்தில் ஏறினாரா என்பது பற்றிக் கட்டு மௌனம் சாதிக்கிறது. முகாம் திரும்பியதும் விதி எழுதிவிட்டார்.

தலைமைக் குமாஸ்தாவிடம் ஓடினேன். “சார், இது மாட்டுக்குப் போட்ட விதி!”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மாடுன்னு ரூல்ல எங்கே ஓய் இருக்கு? நாலு பக்கம்னு இருக்கு. சமுத்திரத்துக்கு விலக்குன்னு இருக்கா?”

“இல்லை...”

“பின்னே? டைரக்டர் மனசு வச்சா ஒரு கையெழுத்துதான். வெள்ளிக்கிழமை உம்ம கட்டுரையை வாசிச்சுக் காட்டப் போறீரே, நீரே சொல்லுமேன்.”

வெள்ளிக்கிழமை. பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். டைரக்டர் நல்ல மனிதர், படித்தவர். நான் வாசிக்க வாசிக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே எடுத்துவிட்டேன் கிழக்கு வேலிக் கதையை!

காளையில் ஆரம்பித்தேன். துரை, மரம், கீற்றுக் கொட்டகை, அலை கொண்டுபோன சவுக்குக் கழி என்று வந்து, அந்தோணியின் குரலிலேயே பர்மாவில் முடித்தேன். டைரக்டர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இருவரைக் கூப்பிட்டு, “இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். காப்பி வந்தது. “மலரில் மட்டும் இது வேண்டாம்” என்று தோளைத் தட்டினார்.

வெளியே வந்துவிட்டேன்.

கையெழுத்தா? கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு அழகாக எடுபட்ட ஒரு ஜோக்கின் வாலில் மனுவைக் கட்டினால் ஜோக் செத்துப்போகுமே என்று விழுங்கிவிட்டேன். மேலிடத்தை ஒரு தரம் சிரிக்கவைத்தவன் அப்புறம் அங்கே எதையும் கேட்க மாட்டான். கேட்டால் சிரிப்பு போய்விடும். சிரிப்பு போனால் நாற்காலி?

அடுத்த வாரம் கேட்கலாம் என்றிருந்தேன். டைரக்டர் சுற்றுப்பயணம் போனார். டீச்சர் வந்து கேட்டபோது, “விஷயத்தை நேரிலேயே சொல்லியிருக்கிறேன்” என்றேன். பொய் இல்லை பாருங்கள்.

மார்ச் வந்தது, போனது. ஒன்பது பேரும் பரீட்சை எழுதவில்லை. ஆறு பையன்கள் கரிக்கு. பிலோமினாவும் மற்ற இரண்டு பெண்களும் தீப்பெட்டிக்கு.

ஹார்பர் கட்டிய நாளிலிருந்து கடல் வடக்கே கரையைக் கடித்துக்கொண்டிருக்கிறதே, அந்த ஐப்பசியில் மைதானத்தைத் தின்றது. கொட்டகையில் பாதியையும் சேர்த்துத்தான். அதற்கு அடுத்த மாதம் பள்ளிக்கு உத்தரவு வந்தது: மைதானமே இல்லையென்று தெரிவதால் வேலி பற்றிய ஆட்சேபம் விலக்கிக்கொள்ளப்படுகிறது, மைதானம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை. ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம். இத்தனை கச்சிதமாக எனக்கு எழுத வராது.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

ரோசம்மா டீச்சரும் இப்போது அதே தீப்பெட்டி பேக்டரியில்தான் வேலை செய்கிறார். பிலோமினாவுக்குப் பக்கத்து மேஜை. ஷிப்டுக்குத் திருவொற்றியூர் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றார்.

“இன்னா சார், எம்மாம் பெரிய புஸ்தகம்! நீங்க எழுதினதா? குடுங்க.”

கொடுத்தேன். நின்றபடியே முதல் நாலைந்து பக்கம் வாசித்தார். ஆசிரியை வாசிக்கிற வாசிப்பு. ஒரு வரி விடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“சோக்கா எழுதிக்கிறீங்க” என்று மூடினார். பிறகு, “எங்க வேலி விசயத்த அந்தப் பெரியவராண்ட நேர்ல சொன்னேன்னீங்களே... அவரு இன்னா சொன்னாரு?”

“சிரித்தார்.”

“சிரிச்சாரா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்குது. நாயம் தெரிஞ்ச மனுசன். அப்பால நீங்க இன்னா கேட்டீங்க, சார்?”

ஒரு பஸ் வந்து நின்றது. எங்கே போகிறது என்று தெரியாது. திருவொற்றியூர் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏறிவிட்டேன்.