அம்மா போகும் சூப்பர் மார்க்கெட்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டின் பேரைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். திறந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயற்காட்டில் கரும்பு வெட்டியே காய்த்துப்போன கால்கள் அவளுக்கு. கண்ணாடிக் கதவருகே செருப்பைக் கழற்றினாள். யாரும் கழற்றவில்லையே என்றேன்.

"கோயிலாட்டம் தொடச்சி வெச்சிகீறாங்க. செருப்போட போவ மனசு வரல" என்றாள்.

சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம். வாசலில் பைகளை வாங்கி வைக்கும் ஆளிடம் கேட்டேன்.

"அசிங்கமா கெடந்துச்சிங்க. குப்பை வண்டி வந்துச்சி, போட்டுட்டேன்" என்றான், ஏதோ நல்ல காரியம் செய்தவனைப் போல.

முதலாளியைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர இன்னாத்துக்குத் திட்ற? வாசல்ல வுட்டது நாந்தான."

என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், போட்டுக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாள். அவன்மேல் இருந்த கோபத்தைவிட அவள்மேல் வந்த கோபம் பெரிது.

அதோடு நான் வேறு கடைக்கு மாறிவிட்டேன். அம்மா மாறவில்லை. அங்கே பருப்பில் கல் இருக்காதாம். இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கிறாள். குப்பையில் போட்ட அதே ஆள் அந்தப் பையை வாங்கிப் பத்திரமாக அலமாரியில் வைத்து, டோக்கன் கொடுக்கிறான்.