எக்ஸ்பிரஸைத் தூங்கவைத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பெரிய சண்டை. ஓர் உயிர் பிழைக்குமா, பிழைக்காதா என்று! நோயாளி — எங்கள் ஆமை. பெயர் எக்ஸ்பிரஸ். வைத்தவன் நான்தான், சிரிக்காதீர்கள்.

மார்கழி பிறந்ததிலிருந்து எக்ஸ்பிரஸ் எதையும் தொடவில்லை. முருங்கைக்கீரை, பூசணிப்பூ... ஊஹூம்! தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? மெட்ராஸில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். குளிர்காலத்தில் ஆமை மாதக்கணக்கில் தூங்குமாம். பெட்டியில் வைக்கோல் போட்டு இருட்டில் வைக்கணுமாம். நடுவில் எழுப்பினால் ஆபத்தாம்.

செங்கல்பட்டில் ஏது குளிர்காலம் என்கிறீர்களா? அதைப் படிக்கும்போது என் கழுத்தில் மஃப்ளர், காதில் பஞ்சு. வேறென்ன சாட்சி வேண்டும்? கடையில் சோப்பு வந்த காலி மரப்பெட்டியில் எக்ஸ்பிரஸைப் படுக்கப் போட்டாயிற்று.

நாலாம் நாள் — அதுதான் அந்த ஞாயிறு — என் மனைவி கமலா பொறுமை இழந்தாள்.

"என்னங்க, அது தூங்கலை. பட்டினியில சாகப்போகுது. வெளியில எடுங்க."

"எடுத்தாத்தான் சாகும். புத்தகத்துல போட்டிருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான். எழுப்பினாலும் போய்விடும், எழுப்பாவிட்டாலும் போய்விடும் என்றால் மனுஷன் என்ன செய்வான்?

அந்த நேரம் பார்த்து, மகாபலிபுரம் பஸ்ஸில் வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினாள். கமலா பெட்டியை அப்படியே அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவள் ஆமையைத் தூக்கி, ஓட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, உசுரோட பொட்டில போட்டு வெச்சிகினு கீறீங்க?"

"குளிர்காலம்மா. தூங்குது."

"கண்ணத் தொறந்துகினு யாரு சார் தூங்குவாங்க? இன்னா பெரிய குளிரு? எங்க குப்பத்துல இந்தப் பனியிலதான் கடலாமை கரையேறி முட்ட வுடுது. வெயில்ல வுடு சார் அத்த, பாவம்!"

விட்டோம். கால் மணி நேரம் அசையவே இல்லை. கமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்...

அப்புறம் மெதுவாக மூக்கு வந்தது. கழுத்து வந்தது. கமலா செம்பருத்திப் பூவை நீட்டினாள் — ஒரே கவ்வு! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகுதான் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். லண்டனில் அச்சானது! நம்மில் பாதிப் பேர் இப்படித்தான், இல்லையா? கண்ணெதிரே இருப்பதை நம்ப மாட்டோம். அச்சில் வந்தால் போதும், நம்பிவிடுவோம். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற நானே இதைச் சொல்லலாமோ, கூடாதோ!

கமலா மட்டும் விடுவதாக இல்லை. "இத்தனை நாளா அது சாப்பிடலை, நீங்க படிச்சுக்கிட்டே இருந்தீங்க. நான் ஒருநாள் சாப்பிடலைன்னா எந்தப் புத்தகத்தைப் பார்ப்பீங்க?"

பதில் தெரிந்த கணவர்கள் தயவுசெய்து எனக்கு ஒரு கார்டு போடவும்... அவசரம்!