ஞானமுத்து அண்ணனும் ஒழுகிய டிபரன்சலும்

செவ்வாய்க்கிழமை காலை, மாங்கேணியில் ஒரு காணியின் எல்லையை அளந்துகொண்டிருந்தபோது றெபேக்காவின் அழைப்பு வந்தது. கடற்காற்றில் பாதி கேட்கவில்லை. "மிஸ், அப்பா விடியக்குள்ள போயிட்டார். நித்திரையிலதான். உங்களுக்கும் சொல்லோணும் எண்டு..." என்றார். "சரி, வாறன்" என்று மட்டும் சொன்னேன். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அளவைக் கேட்டார். அதைச் சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானமுத்து அண்ணன் எங்கள் காணி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படவரைஞராக இருந்தவர். மனைவியை இழந்தவர். ஓய்வுபெற்றபின் குருக்கள்மடத்தில் மகள் றெபேக்காவின் வீட்டில் வாழ்ந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை "மிஸ்" என்றே அழைத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வரைந்த படம் ஒன்றை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அதில் காட்டிய வாய்க்கால் அந்த இடத்தில் இருக்க முடியாது என்பது என் வாதம். நான்காம் நாள், முழங்கால் வரை சேற்றோடு என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"வாய்க்கால் இரிக்கு மிஸ். விழுந்து பாத்துட்டு வாறன்."

அலுவலகமே சிரித்தது. நான் சிரிக்காமல் ஒப்பமிட்டேன்.

ஓய்வூதியப் பத்திரம் ஒன்றுக்காக அலுவலகத்துக்கு வந்த ஒரு நாளில், என் பழைய காருக்குக் கீழே குனிந்து பார்த்தார். பின் அச்சின் நடுவே தொங்கும் பற்சக்கரப் பெட்டியைத்தான் டிபரன்சல் என்பார்கள். அதன் மூடி விளிம்பால் எண்ணெய் கசிந்து நிலத்தில் சொட்டியிருந்தது.

"இப்பிடியே விட்டா பல்லெல்லாம் தேஞ்சுரும் மிஸ். ஞாயிறு ஆராதனை முடிய வீட்ட வாறன்."

"கராஜில குடுப்பம் அண்ணன்."

"குடுங்க. அதுக்கு முதல் நான் ஒருக்காப் பாக்கிறன்."

வந்தார். எண்ணெயை வடிப்பதற்கு முன், நிரப்பும் துளையின் அடைப்பைத்தான் முதலில் கழற்றிப் பார்த்தார். "இது இறுகிக் கிடந்தா, இரிக்கிற எண்ணெயயும் வடிச்சுப்போட்டு என்ன செய்யிற?" காட்போட் மட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். எண்ணெய் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் பழைய பெக்கிங்கைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தார். நான் டோர்ச் பிடித்தேன். பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்னகா, காருக்கு வயித்தோட்டமா?"

"இண்டையோட நிப்பாட்டுறன், பாருங்க" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

வேலை முடிந்து தேநீர் குடித்தார். "மகள்ட வீட்டில எல்லாம் அவங்களே செஞ்சுருவாங்க மிஸ்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். வழக்கமாக ஒன்றுதான்; அன்று நான் இரண்டு கோப்பைகள் கழுவினேன்.

மூன்று வாரத்தில் மறுபடியும் கசிந்தது. மறுபடியும் வந்தார், மறுபடியும் பெக்கிங் மாற்றினார். அதன்பின் மூன்றாவது முறை. ஒவ்வொரு தடவையும் தன் கைவேலையைத்தான் குறை சொன்னார். எனக்கோ, ஒரே விளக்கம் திரும்பத் திரும்பத் தோற்றால் அந்த விளக்கத்திலேயே சந்தேகம் வந்துவிடும். நான்காம் முறை அவர் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது, கடைக்குப் போய்வந்த கார் இன்னும் சூடாக இருந்தது. நான் கையை விட்டு அச்சின் மேற்பக்கத்தைத் தடவினேன். உள்ளே சூடாகும் காற்று வெளியேற அங்கே ஒரு சிறு மூக்கு இருக்கிறது. கறுப்புப் பூச்சு அதை முழுவதுமாக மூடியிருந்தது. கொண்டை ஊசியால் குத்தினேன். புஸ் என்று காற்று சீறியது. போக வழியில்லாத அந்தக் காற்றுத்தான் இவ்வளவு நாளும் எண்ணெயை மூடி விளிம்பால் தள்ளியிருக்கிறது.

"இது எனக்குப் படல்லையே மிஸ்" என்றார்.

"தெரிஞ்சேதான் விட்டிருப்பீங்க. ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணிக்கு."

பகிடியாகத்தான் சொன்னேன். வேலிக்கு அப்பால் புஷ்பம் அக்கா பலமாகச் சிரித்தார். அண்ணன் துணியை எடுத்துக் கைகளைத் துடைத்தார். கைகளில் அழுக்கு இருக்கவில்லை.

"அப்ப இனி ஒழுகாது" என்றார்.

இதையும் எழுதத்தான் வேண்டும். என் வீட்டு வாவிக்கரை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று பயந்து, அதற்கு முந்திய ஆண்டு காரின் அடிப்பாகம் முழுவதற்கும் அந்தப் பூச்சைப் பூசுவித்தவள் நான். "ஒரு இடமும் விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னவளும் நான். ஊசி குத்திய கணத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்ன பகிடி உண்மையாக இருந்தால் நல்லது என்று உள்ளூர விரும்பினேன். அதையும் சொல்லவில்லை.

கார் ஒழுகவில்லை. அவரும் வரவில்லை. என் பகிடியால் மனம் நொந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். கல்முனைக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் குருக்கள்மடத்தில் பிரதான வீதியிலுள்ள றெபேக்காவின் வீட்டைக் கடந்துதான் போவேன். ஒருநாள் முற்றத்தில் கதிரை போட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. போய்விட்டேன்.

செத்த வீட்டில் றெபேக்காவைத் தனியே கண்டபோது கேட்டுவிட்டேன்: "அப்பா என்னோட கோவமா இருந்தவரா?"

"கோவமா? ஆர் சொன்ன?" என்றார் அவர் வியப்போடு. "ஞாயிறு ஆராதனையால வந்தா, வெளிய போறமாதிரிச் சேட்டுக் கழட்டாம இருப்பார் மிஸ். மிஸ்ட வீட்டுப் பக்கம் போயிட்டு வாங்களன் அப்பா எண்டா, 'கார் இப்ப ஒழுகல்ல புள்ள, என்னத்தச் சொல்லிப் போற' எண்டுவார்."

மறுநாள் பிற்பகல் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். மணல் நிலம். வெட்டிய குழியின் ஓரங்கள் சரிந்துகொண்டேயிருந்தன. ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு எல்லோரும் வீதிக்குப் போனார்கள். மண்வெட்டிக்காரர் மேட்டைத் தட்டிச் சமப்படுத்தி முடிக்கும்வரை நான் நின்றேன்.

அண்ணன், அந்த மூக்கை அடைத்தது நான்தான். உங்கள் கைவேலையில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் ஒரு காரணமும் சொல்லாமல் சும்மா வந்திருக்கலாம். நானும் அன்று பஸ்ஸுக்கு வழிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கலாம். போயிட்டு வாங்க.